ஏழு சபைகளுக்கு மாணவர் குழுவோடு: ஒன்பது நாள் துருக்கிப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி

வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் 1:11இல், யோவானின் கடிதங்களைப் பெற்ற ஏழு சபைகளின் பெயர்கள் வரும் வரிசையை ஒரு வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். பாதித் திட்டம் அங்கேயே முடிந்துவிடும். எபேசுவில் தொடங்கி வடக்கே சிமிர்னா, பெர்கமு. பிறகு தென்கிழக்காக இறங்கினால் தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா. கடிதத்தைச் சுமந்து போகிறவன் நடக்கக்கூடிய வளையம் அது. இன்று அதே வரிசையில் பஸ்ஸில் போனால் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கடிதங்களை வேதத்தில் உள்ள வரிசையிலேயே, அந்தந்த ஊரில் நின்று வாசிக்கலாம். இந்த வசதி வேறு எந்த வேதாகமப் பயணத்திலும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

ஏஜென்சிகள் இந்த வளையத்தை மூன்று நாளில் அடக்கி, மிச்ச நாட்களில் இஸ்தான்புல்லையும் கப்படோக்கியா பலூனையும் சேர்த்துத் தருவார்கள். மாணவர் குழுவுக்கு அது வேண்டாம். கப்படோக்கியா போய்வர ஒரு நாள் முழுக்கச் சாலையிலேயே கழியும். ஏழில் இரண்டு சபைகளைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பீர்கள்.

யோவான் இந்தத் தரிசனத்தைக் கண்ட பத்மு தீவையும் சேர்க்கலாமே என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். பத்மு கிரேக்க நாட்டில் இருக்கிறது. அதற்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும். ஒருமுறை நுழைவு மட்டும் உள்ள துருக்கி விசாவில் பத்மு போய்விட்டால் திரும்பித் துருக்கிக்குள் வர முடியாது. முதல் முறை போகும் குழு பத்முவை விட்டுவிடுவதே நல்லது.

ஆள், தேதி, பாஸ்போர்ட்

மாணவர்கள் 22 முதல் 24 பேர், பொறுப்பாளர்கள் 3 பேர் (அதில் ஒருவராவது பெண்) என்பது கையாளக்கூடிய அளவு. இருபத்தேழு பேர் நடுத்தர பஸ் ஒன்றில் அடங்குவார்கள். முப்பதைத் தாண்டினால் பெரிய பஸ் வேண்டும், செலவும் ஏறும். அதைவிட முக்கியமாக, இடிபாட்டு மேட்டில் வழிகாட்டி பேசுவது கடைசி ஆளுக்குக் கேட்காது.

வானிலைக்கு ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை, அல்லது செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் ஏற்றவை. நம் கல்லூரிகளின் கோடை விடுமுறையோ மே பாதிக்கு மேல்தான் நிம்மதியாகக் கிடைக்கும். ஜூன், ஜூலையில் போனால் நிழலே இல்லாத சலவைக்கல் தெருவில் மதிய வெயில் 35 டிகிரியைத் தாண்டும். சென்னை வெயிலில் வளர்ந்தவர்களும் அங்கே சுருண்டுவிடுவார்கள். முஸ்லிம் பெருநாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். தியாகத் திருநாள் 2027இல் மே 16ஐ ஒட்டி வருகிறது. அந்த வாரத்தில் துருக்கி நாடே ஊருக்குப் போகும். அறை கிடைக்காது, சாலை நகராது, சில இடங்கள் முதல் நாள் பாதி நேரம் மூடியிருக்கும்.

வேலையை எட்டு மாதம் முன்பே தொடங்குங்கள். முதலில் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் கையில் வாங்கிப் பாருங்கள். ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகு ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. இனிஷியலை விரிக்காமல், குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயரோடு இருக்கும் பாஸ்போர்ட்கள். இதை டிக்கெட்டில் எப்படிப் பதிவது என்று ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. அதைக் கேட்காமல் குழு டிக்கெட்டில் அப்பா பெயரைச் சேர்த்துப் போட்டுவிட்டால் திருத்துவதற்குள் உயிர் போய்விடும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தருவதில்லை. திரும்பும் வழியில் துபாயில் இறங்கிச் சுற்றலாம் என்ற ஆசை இருந்தால் அங்கேயும் இடிக்கும்.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குத் துருக்கி இ-விசா எல்லாருக்கும் கிடையாது. செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, பிரிட்டிஷ், அயர்லாந்து விசாவோ குடியிருப்பு அனுமதியோ உள்ளவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். மாணவர்களில் அநேகமாக ஒருவரிடமும் அது இருக்காது. ஆகவே விண்ணப்ப மையம் வழியாக ஸ்டிக்கர் விசாவுக்குத்தான் போக வேண்டும். கல்லூரியின் உறுதிச் சான்று, பெற்றோரின் வங்கிக் கணக்கு விவரம், செலவை ஏற்பதாகப் பெற்றோர் கடிதம், தங்குமிட முன்பதிவு, பயணக் காப்பீடு எல்லாம் ஒரே வரிசையில், ஒரே மாதிரியாக, 27 கோப்புகள் தயாராக வேண்டும். ஒரு கோப்பில் ஹோட்டல் தேதி மாறியிருந்தாலும் கேள்வி வரும். 18 வயது நிறையாதவர் இருந்தால் பெற்றோர் இருவரின் சம்மதக் கடிதமும் நோட்டரி கையெழுத்தோடு சேர வேண்டும்.

நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குவது இப்போது வெறும் சடங்கு இல்லை. பாகிஸ்தானோடு ஏற்பட்ட மோதலில் துருக்கி அந்தப் பக்கம் நின்றதால், 2025 மே மாதத்துக்குப் பின் இந்தியாவில் துருக்கிப் பயணத்துக்கு எதிர்ப்பு கிளம்பியது. சில பல்கலைக்கழகங்கள் துருக்கிப் பல்கலைக்கழகங்களோடு போட்ட ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தன. முன்பணம் கட்டிய பிறகு தாளாளர் வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பணம் திரும்பாது. முதலில் கடிதம், அப்புறம் பணம்.

பணம்

தமிழக அரசு தரும் கிறிஸ்தவப் புனிதப் பயண உதவி ஜெருசலேம் பயணத்துக்கானது. இதற்குக் கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இந்திய ஏஜென்சியிடம் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் வரி (விற்பவரே முன்கூட்டி வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். யாருடைய பான் எண்ணில் பணம் கட்டப்படுகிறதோ அவர் கணக்கில்தான் அது ஏறும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால்தான் திரும்பும். வசதிக்காகப் பொறுப்பாளர் ஒருவரே 27 பேருக்கும் சேர்த்துக் கட்டிவிட்டால் மொத்த வரியும் அவர் தலையில் விழும். பெற்றோர் தனித்தனியாக, தங்கள் பான் எண்ணோடு ஏஜென்சிக்கு நேராகக் கட்டட்டும்.

நுழைவுக் கட்டணம்தான் பட்ஜெட்டை உடைக்கும். பெரிய இடங்களில் வெளிநாட்டவருக்கு யூரோவில் விலை வைத்திருக்கிறார்கள். எபேசு மட்டும் 2024இல் 40 யூரோ. கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினால் பாதி விலை என்று எண்ண வேண்டாம், வெளிநாட்டு மாணவருக்கு அந்தச் சலுகை இல்லை. எபேசு, பெர்கமு மலைக்கோட்டை, அஸ்க்லேபியோன், சர்தை, லவோதிக்கேயா, ஹியராபொலிஸ் ஆகிய ஆறின் விலையையும் கூட்டி, வெளிநாட்டவருக்கான மியூசியம் பாஸ் விலையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் பாஸ்தான் லாபம். ஆனால் முதல் முறை பயன்படுத்திய நாளிலிருந்து அதன் நாட்கள் ஓடத் தொடங்கும் என்பதை மறக்கக் கூடாது.

ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் அன்பளிப்பு, கழிப்பறைக் காசு, தண்ணீர் ஆகியவற்றுக்குப் புறப்படும் முன்பே ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கி ஒரே பையில் வையுங்கள். நெடுஞ்சாலைக் கழிப்பறைகளில் காசு கேட்பார்கள். 27 பேரும் சில்லறை தேடினால் இருபது நிமிடம் போச்சு. யூபிஐ அங்கே வேலை செய்யாது. ஃபாரெக்ஸ் கார்டும் கொஞ்சம் யூரோ நோட்டும் போதும். லிரா மதிப்பு சரிந்துகொண்டே இருப்பதால் மொத்தமாக மாற்றி வைக்காதீர்கள்.

புறப்படும் முன் ஏழு வாரம்

வாரம் ஒரு கடிதம். மாணவர்களை ஏழு சிறு குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு சபையைக் கொடுங்கள். தங்கள் ஊரில் நின்று நான்கு நிமிடம் பேசுவது அவர்கள் பொறுப்பு. நான்கே நிமிடம், வெயிலில் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். எபேசு குழு அப்போஸ்தலர் 19ஐயும், தியத்தீரா குழு 16ஆம் அதிகாரத்து லீதியாளையும், லவோதிக்கேயா குழு கொலோசெயர் 4:13–16ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். கத்தோலிக்க மாணவர்களும் இருந்தால், இதே நூலுக்கு அவர்கள் வழங்கும் திருவெளிப்பாடு என்ற பெயரும் அவர்கள் மொழிபெயர்ப்பும் வேறு என்பதைச் சொல்லி, இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கட்டுப்பாடு நல்லது: எது வசனத்தில் இருக்கிறது, எது அகழ்வாய்வில் கிடைத்தது, எது பிற்காலத்தார் ஊகம் என்று பிரித்துச் சொல்லப் பழக்குங்கள். பெர்கமு கடிதத்தில் வரும் "சாத்தானுடைய சிங்காசனம்" என்றால் பெர்கமுவின் சீயுஸ் பலிபீடம்தான் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். பேரரசர் வழிபாட்டைக் குறித்தது என்பாரும் உண்டு, மருத்துவக் கடவுள் அஸ்க்லேபியுஸின் கோயில் என்பாரும் உண்டு.

நாள் கணக்கு

முதல் நாள் இஸ்மீர் விமான நிலையத்தில் இறங்கி நேராக எபேசுவுக்குப் பக்கத்திலுள்ள செல்ச்சுக் ஊருக்கு. இஸ்தான்புல் வழியாக வந்தால் வருவதும் போவதும் ஒரே விமான நிலையம்தானா என்று டிக்கெட்டில் பாருங்கள். அங்கே இரண்டு உண்டு, ஐரோப்பியக் கரையில் ஒன்று, ஆசியக் கரையில் ஒன்று. மலிவாக இருக்கிறதே என்று ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுவதுபோலப் பதிந்துவிட்டால், 27 பேரும் பெட்டிகளோடு அந்த நெரிசல் நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். அன்று வேறு நிகழ்ச்சி வேண்டாம்.

இரண்டாம் நாள் எபேசு. திறக்கும் நேரத்துக்கே மேல் வாசலில் நில்லுங்கள். குஷாதாசித் துறைமுகத்தில் கப்பல் வந்திருக்கும் நாளில் ஒன்பதரைக்கு மேல் செல்சுஸ் நூலகத்தின் முன் தலைகள்தான் தெரியும். மேல் வாசலில் நுழைந்து கீழ் வாசலில் வெளியே வந்தால் பாதை இறக்கமாகவே இருக்கும். பஸ்ஸைக் கீழ் வாசலுக்கு அனுப்பிவிட்டீர்களா என்று இறங்கும்போதே உறுதிசெய்யுங்கள். மறந்தால் வந்த வழியே மதிய வெயிலில் ஏற வேண்டும். குரெத்தேஸ் தெருவின் சலவைக்கல் பல நூற்றாண்டுக் கால் பட்டு வழவழவென்று இருக்கும். தேய்ந்த அடிப்பாகம் உள்ள கேன்வாஸ் ஷூவோடு வந்த மாணவர் அங்கேதான் வழுக்குவார்.

கடிதத்தை நூலகத்தின் முன் வாசிக்காதீர்கள், எல்லாரும் புகைப்படம் எடுக்கும் இடம் அது. ஏறக்குறைய 25,000 பேர் அமர்ந்த அரங்கத்துக்குப் போங்கள். தியானாளின் (அர்த்தெமி தேவியின்) பெயரைச் சொல்லி இரண்டு மணி நேரம் கூட்டம் கத்தியது அங்கேதான். மேல் படிகளில் அமர்ந்து நேரே பார்த்தால் துறைமுகத் தெரு நீண்டு போய்ப் புல்லில் முடியும். அந்தப் புல் இருக்கும் இடத்தில்தான் கப்பல்கள் நின்றன. ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது, கடல் இப்போது சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விளக்குத்தண்டை அதன் இடத்திலிருந்து நீக்கிவிடுவேன் என்ற 2:5ஐ அங்கே வாசித்தால் விளக்கவுரை தேவைப்படாது. மலைச்சரிவு வீடுகளைப் பார்க்கத் தனிக் கட்டணம் கேட்டால், நேரம் இருந்தால் கொடுங்கள். கி.பி. 431இல் திருச்சபையின் பொதுச்சங்கம் கூடிய மரியாள் ஆலயம் கீழ் வாசலுக்குப் பக்கத்தில் ஒதுங்கி இருப்பதால் பல குழுக்கள் தவறவிடும்.

மூன்றாம் நாள் அயாசுலுக் குன்றில் ஜஸ்டினியன் கட்டிய யோவான் பேராலய இடிபாடு, மியூசியம், ஒற்றைத் தூணோடு நிற்கும் அர்த்தெமி கோயில் நிலம். மாலையில் இஸ்மீர்.

நான்காம் நாள் சிமிர்னா. பழைய ஊரின் மேல் இன்றைய இஸ்மீர் உட்கார்ந்திருக்கிறது. பழைய சந்தைவெளியான அகோராவின் நிலவறை வளைவுகளைப் பார்த்துவிட்டு, சிமிர்னாவின் ஆயராக இருந்து இரத்தசாட்சியான பொலிகார்ப்பு பெயரிலுள்ள கத்தோலிக்க ஆலயத்துக்குப் போங்கள். முன்கூட்டி எழுதி நேரம் வாங்காவிட்டால் கதவு பூட்டியிருக்கும்.

ஐந்தாம் நாள் பெர்காமா. மலைக்கோட்டைக்குக் கேபிள் கார் உண்டு, பலத்த காற்றடித்தால் நிறுத்திவிடுவார்கள். அதனால் காலையிலேயே மேலே போய்விடுங்கள். சீயுஸ் பலிபீடத்தின் அடித்தளமும் மரங்களும்தான் அங்கே இருக்கின்றன, சிற்பங்கள் பெர்லினில். இதை முன்பே சொல்லாவிட்டால் மாணவர்கள் ஏமாந்துபோவார்கள். அரங்கம் செங்குத்தாக இறங்கும், பிடிக்கக் கம்பி இல்லை. உயரம் என்றால் தலைசுற்றுபவரைக் கீழே அனுப்பாமல் வந்த வழியே திருப்புங்கள். பிற்பகல், பண்டைய மருத்துவர் கலேன் பிறந்த ஊரின் மருத்துவக் கோயிலான அஸ்க்லேபியோன். பக்கத்தில் ராணுவப் பகுதி இருக்கிறது, அந்தத் திசையில் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

ஆறாம் நாள் அக்ஹிசார், பழைய தியத்தீரா. ஏழு கடிதங்களில் மிக நீளமானது தியத்தீராவுக்கு எழுதியது. பார்க்க இருப்பதோ கடைத்தெரு நடுவே வேலி போட்ட ஒரு மனையளவு இடிபாடு. அரை மணி போதும். பின்பு சர்தைக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். 1962இல் கண்டெடுத்த யூத ஜெப ஆலயம் உடற்பயிற்சிக் கூடத்தோடு ஒட்டியே இருக்கிறது. மொசைக் தரை, கால்களில் கழுகு செதுக்கிய சலவைக்கல் மேசை, இரண்டு பக்கமும் சிங்கங்கள். வேற்று மதத்தார் நடுவில் அந்தச் சமூகம் எவ்வளவு வசதியாக இருந்தது என்பது அந்த மேசையின் கனத்திலேயே தெரியும். அங்கிருந்து அர்த்தெமி கோயில். பிரம்மாண்டமான தூண்களின் மூலையில் ஒண்டுக்குடித்தனம்போல ஒரு சிறு செங்கல் தேவாலயம் ஒட்டிக்கொண்டிருக்கும். நிமிர்ந்தால் மலைக்கோட்டை. ஏறவே முடியாது என்று காவல் போடாத பக்கமாக ஏறித்தான் கி.மு. 546இல் பாரசீக அரசன் கோரேஸின் படையும், கி.மு. 214 வாக்கில் செலூக்கிய அரசன் மூன்றாம் அந்தியோகுவின் படையும் அதைப் பிடித்தன. "விழித்துக்கொள்" என்று தொடங்கும் 3:2ஐ இங்கே மாணவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். இரவு சாலிஹ்லி.

ஏழாம் நாள் அலாஷெஹிர், பழைய பிலதெல்பியா. பிலதெல்பியாவில் நிற்பவை பைசாந்தியக் காலப் பேராலயத்தின் பருத்த தூண்கள், ஊர்க் குடியிருப்பின் நடுவே. கி.பி. 17இன் நிலநடுக்கத்தில் சிதைந்த ஊர் இது. தூணாக்குவேன், இனி வெளியே போகமாட்டான் என்ற 3:12ஐ அதோடு சேர்த்து வாசியுங்கள். பிறகு பாமுக்கலேயில் இரண்டு இரவு.

எட்டாம் நாள் காலை லவோதிக்கேயா, மாலை ஹியராபொலிஸ். லவோதிக்கேயாவில் நீர்க்கோபுரத்தருகே கிடக்கும் குழாய்களைக் குனிந்து பாருங்கள். உட்புறம் சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படிந்து துளை பாதியாகச் சுருங்கியிருக்கும். நம் ஊர் போர்வெல் தண்ணீர்ப் பக்கெட்டில் படியும் வெள்ளைத்தான், கல்லாக இறுகியது. எதிரே மலையில் ஹியராபொலிஸ் வெந்நீர் ஊற்றின் வெண்படிவு தெரியும். மறுபக்கம் கொலோசெயின் குளிர்ந்த நீர். 3:16இல் வரும் வெதுவெதுப்பு என்ற சொல்லை இந்த நிலப்பரப்போடு இணைப்பது பரவலான விளக்கம், ஆனால் எல்லா ஆய்வாளரும் ஒத்துக்கொள்வதில்லை என்பதையும் சொல்லுங்கள். கி.பி. 60இல் நிலநடுக்கம் வந்தபோது ரோமின் உதவி இல்லாமலே இந்த ஊர் தன்னைக் கட்டிக்கொண்டதாக ரோம வரலாற்றாசிரியர் தாசித்து எழுதியிருக்கிறார். எனக்கு ஒரு குறைவுமில்லை என்று அந்தச் சபை சொல்லிக்கொள்ளும் 3:17 பக்கத்தில் அதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஹியராபொலிசுக்கு வடக்கு வாசலில் நுழைந்தால் கல்லறைகள், வளைவு வாசல், அரங்கம், மேலே பிலிப்புவின் இரத்தசாட்சி மண்டபம் என்று வரிசையாக வரும். வெண்படிவில் செருப்போடு நடக்க விடமாட்டார்கள். ஷூவைக் கையில் பிடிக்காமல் பையில் போட்டு முதுகில் மாட்டச் சொல்லுங்கள், இரண்டு கையும் வேண்டும்.

ஒன்பதாம் நாள் ஹொனாஸ் அருகே கொலோசெயின் மேடு. வெறும் புல்மேடுதான், இருபது நிமிடம். பிறகு இஸ்மீர், விமானம்.

எல்லா நாளும் பஸ் நேரத்தை ஓட்டுநரோடு முந்தைய இரவே பேசுங்கள். ஒரு நாளில் அவர் ஓட்டலாமென்பது 9 மணி நேரம், நாலரை மணிக்கு ஒருமுறை 45 நிமிட ஓய்வு கட்டாயம். கெஞ்சினாலும் நடக்காது, பஸ்ஸில் பதிவாகும்.

ஜெபமும் சட்டமும்

உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம். உங்கள் போதகர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், உரிமமில்லாமல் குழுவுக்கு விளக்கம் சொன்னால் சோதனை அதிகாரி வந்து நிறுத்துவார். வழிகாட்டி பக்கத்தில் நிற்க, மாணவர் வசனம் வாசித்துச் சில நிமிடம் பேசுவது வேறு, அதில் தொல்லை வருவதில்லை. "ஒவ்வொரு இடத்திலும் எங்களுக்கு 15 நிமிடம் தியானத்துக்கு வேண்டும்" என்று முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவரும் அதற்கேற்ப ஒதுக்கமான மூலை பார்த்து வைப்பார்.

மெல்லிய குரலில் ஒரு பாட்டு பாடலாம். கிதார், ஸ்பீக்கர், திருவிருந்து என்றால் முன் அனுமதி வேண்டும். இல்லையென்றால் அதை ஹோட்டல் கூட்ட அறையில் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே நேரமும் இருக்கும். துண்டுப் பிரசுரம் எதுவும் பெட்டியில் வேண்டாம். சுற்றுலா விசாவில் வந்தவர் தெருவில் விநியோகித்து ஒரு புகார் போனால் முழுக் குழுவின் பயணமும் காவல் நிலையத்தில் நிற்கும். டிரோனும் வேண்டாம். மசூதிக்குள் போக பெண் மாணவியருக்குத் துப்பட்டா போதும்.

சாப்பாட்டுக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். பருப்பு சூப் எந்தக் கடையிலும் கிடைக்கும், எலுமிச்சை பிழிந்தால் ரசத்துக்குத் தங்கச்சி. மூன்றாம் நாளில் நாக்கு காரத்துக்கு ஏங்கும். இட்லிப்பொடி இரண்டு பாக்கெட் போதும். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், காலையில் பஸ்ஸிலேயே கொடுத்துவிடுங்கள். நம் மூன்று ஊசி பிளக் அங்கே நுழையாது, இரண்டு உருண்டை ஊசி உள்ளது மட்டும் பொருந்தும். இ-சிம்மை ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

கடைசி இரவு, பெட்டி கட்டும் முன், பைகளைக் கொட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நினைவுக்கு என்று யாராவது ஓட்டுத்துண்டோ மொசைக் கல்லோ எடுத்திருப்பார்கள். தொல்பொருளை நாட்டை விட்டுக் கொண்டுபோவது துருக்கியில் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். விமான நிலைய ஸ்கேனரில் கல் தெளிவாகத் தெரியும். இடிபாட்டு வாசலில் விற்கும் "பழைய நாணயம்" பொய்யானாலும், பொய் என்று நிரூபிக்கும்வரை விமானம் காத்திருக்காது. எடுத்த கல்லைக் குப்பையில் போடச் சொல்லாமல் வழிகாட்டியிடம் கொடுங்கள், எங்கே சேர்க்க வேண்டுமென்று அவருக்குத் தெரியும்.